களத்து விரலியும் ஆதி கேலக்ஸிகளும்

மஞ்சளை வேக வைத்துக் களத்தில் கொட்டியாயிற்று என்றால், அடுத்த பத்துப் பதினைந்து நாளைக்கு வீட்டில் யாராவது ஒருத்தர் களத்தில்தான் படுக்க வேண்டும். பகலில் கிளறிவிட்டு, சாயங்காலம் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, அப்புறம் ராத்திரி காவல். எங்கள் தோட்டம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில், கொடுமுடிக்கு முன்னால் இருக்கிறது. சின்ன வயதில் அப்பாரோடு அந்தக் காவலுக்குப் போவேன். தை மாசத்துப் பனி, கயிற்றுக் கட்டில், வேக வைத்த மஞ்சளின் வாசம், தலைக்கு மேலே அத்தனை மீன். வானம் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கட்டிலில்தான். அப்பாரு போய் இருபது வருடம் ஆகிறது. கட்டில் மாறிவிட்டது, பக்கத்தில் ஓர் ஆறங்குலத் தொலைநோக்கி வந்திருக்கிறது. மற்றபடி அதே களம்.

பகலில் அப்பாரு எனக்குக் கொடுக்கும் வேலை தரம் பிரிப்பது. "விரலி இந்தப் பக்கம், கிழங்கு அந்தப் பக்கம். கலந்துராத கண்ணு." மஞ்சள் செடியைத் தோண்டி எடுத்தால் நடுவில் உருண்டையாகத் தாய்க்கிழங்கு இருக்கும். அதிலிருந்து விரல் விரலாகக் கிளம்பியிருப்பது விரலி. ஈரோட்டு ஏலத்தில் இரண்டுக்கும் தனித்தனி விலை. கிழங்கு மூத்தது, விரலி இளையது. கையில் எடுத்து வடிவத்தைப் பார்த்தாலே எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த வருடம் பொங்கல் லீவுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். கோவையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களில், ஆதி அண்டத்துக் கேலக்ஸிகளின் வடிவத்தை அளப்பது அவளுடைய ப்ராஜெக்ட். விண்மீன் பேரடை என்று பாடநூலில் வரும்; எங்கள் பேச்சில் கேலக்ஸி என்றே வருவதால் அப்படியே எழுதுகிறேன். மடிக்கணினியைக் கட்டிலில் வைத்துக்கொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங் மாமா, படத்துல ஒரு கேலக்ஸி நீளமாத் தெரியுது. அது நெசமாவே நம்ம விரலி மாதிரி நீளமா, இல்ல ஒரு தட்டைப் பக்கவாட்டுல இருந்து பாக்கறமா? எப்படீங்க கண்டுபிடிக்கறது?"

இதைவிட நல்ல கேள்வி இந்தத் துறையில் கிடையாது. கேலக்ஸியைச் சுற்றி நடந்துபோய் மறுபக்கம் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு கோணம். தட்டை விளிம்பில் பார்த்தால் குச்சி. குச்சியை நுனியில் பார்த்தால் வட்டம். ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் சத்தியம் செய்ய முடியாது.

தார்ப்பாயை விலக்கி, குவியலின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தோம். பெரும்பாலும் நீளநீளமாகத்தான் தெரிந்தது. அங்கங்கே சில விரலிகள் மட்டும் நம் பக்கம் நுனியை நீட்டிக்கொண்டு, சின்ன வட்டமாகத் தெரிந்தன. அந்தச் சில வட்டங்களில்தான் விடை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் அகலத்தைப் போல நாலு மடங்கு உள்ள நூறு விரலிகள் அந்தரத்தில் கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். படத்தில் பாதிக்கு மேல் வட்டமாக, அதாவது அகலம் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற மாதிரித் தெரிவது பத்துப் பதினொன்றுதான். விரலிக்குப் பதிலாக நூறு நாணயம் என்றால் ஐம்பது அப்படித் தெரியும். நூறு உருண்டை என்றால் நூறும். ஆக, ஒன்றொன்றாகப் பார்த்தால் பிடிபடாத வடிவம், கூட்டமாக எண்ணினால் பிடிபட்டுவிடுகிறது. களத்து மஞ்சள் இதற்குச் சரியான சோதனை இல்லை, தரையில் விரலி படுத்துத்தான் கிடக்கும். ஆகாயத்தில் தரை இல்லை என்பதால் அங்கே இந்தக் கணக்கு நம்பகமானது.

இந்த வழியில் எண்ணித்தான் 2024-இல் விராஜ் பாண்டியாவும் கூட்டாளிகளும் ஜேம்ஸ் வெப் படங்களிலிருந்து ஒரு முடிவைச் சொன்னார்கள். அண்டத்துக்கு 60 கோடி முதல் 200 கோடி வயது இருந்தபோது, சிறிய கேலக்ஸிகளில் பாதிக்கு மேல் விரலி மாதிரி நீண்டோ, நீள்வட்டப் பலகை மாதிரித் தட்டையாகவோ இருந்திருக்கின்றன. இன்று நம்மைச் சுற்றி இருக்கும் கேலக்ஸிகளில் அப்படி நீண்டவை அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழைகளின் வழியே வாயு ஒரே திசையிலிருந்து வந்து விழுந்தால் அப்படி நீளும் என்று கணினி உருவகங்கள் காட்டுகின்றன. வாய்க்கால் தண்ணீர் பாயும் வாக்கில் மண் படிகிற மாதிரி.

ஆனால் என் மனசு முழுக்க இருப்பது பெரிய கேலக்ஸிகள்தான். நம் சூரியன் இருக்கும் பால்வெளி அளவுக்கோ அதற்கு மேலோ நட்சத்திரம் சேர்த்துக்கொண்டவை. சிறியவற்றின் வடிவம் இன்னும் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே பெரியவை ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்திருந்தன.

2005 வாக்கில் இந்தக் கதை தொடங்குகிறது. சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு இப்போது நம்மிடம் வந்து சேரும் ஒளியில், பத்தாயிரம் கோடி சூரிய நிறை கொண்ட கேலக்ஸிகள் சில தென்பட்டன. புது நட்சத்திரம் பிறப்பது நின்றுபோய், பழைய நட்சத்திரங்களின் சிவப்பு மட்டும் மிஞ்சியவை. அது கூடப் பெரிய அதிசயம் இல்லை. அதிசயம் அவற்றின் அளவு. இன்று அதே நிறையுள்ள நீள்வட்டக் கேலக்ஸியில் பாதி ஒளி, மையத்திலிருந்து பதினைந்தாயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் மூவாயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிவிட்டது. அதே சரக்கு, ஐந்தில் ஒரு பங்கு ஆரத்தில். ஆரம் ஐந்தில் ஒன்று என்றால் கனஅளவு நூற்றிருபத்தைந்தில் ஒன்று. ஒரு மூட்டை மஞ்சளை ஒரு சொம்புக்குள் அடைக்கிற காரியம். சிவப்புக் கட்டிகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

முதலில் பலர் நம்பவில்லை. தூரத்துப் பொருளின் ஓரம் மங்கிப்போய், நடுப்பகுதி மட்டும் தெரிகிறதோ என்று சந்தேகித்தார்கள். நியாயமான சந்தேகம். 2009-இல் விண்வெளி வீரர்கள் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் புதிய கேமராவைப் பொருத்திவிட்டு வந்த பிறகு, இன்னும் ஆழமாகப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒளிந்துகொண்டு எதுவும் இல்லை. கட்டி கட்டியாகவே இருந்தது.

சரி, அவை எங்கே போயின? இன்று அப்படிப்பட்டவை அநேகமாகக் காணோம். இங்கேதான் எனக்குத் தாய்க்கிழங்கு ஞாபகம் வந்தது. வானியலாளர் பீட்டர் வான் டோக்கமும் மற்றவர்களும் இன்றைய பெரும் நீள்வட்டக் கேலக்ஸிகளின் மையத்தை மட்டும் தனியே எடுத்து, அந்தக் கட்டிகளோடு ஒப்பிட்டார்கள். மையத்து அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. கட்டிகள் தொலைந்துபோகவில்லை. பெரிய கேலக்ஸிகளின் நெஞ்சுக்குள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சுற்றிலும் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் அகன்ற உடம்பு. உள்ளே முதலில், வெளியே பிறகு.

மஞ்சளோடு ஒப்பிடுவதை இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். தாய்க்கிழங்கு தன்னிலிருந்து விரலியை விடுகிறது. கேலக்ஸிக்கு அது முடியாது, ஏனென்றால் இந்தக் கட்டிகளில் புது நட்சத்திரம் பிறப்பதே நின்றுவிட்டது. அதனால் வெளியே சேர்ந்தது எல்லாம் வெளியிலிருந்து வந்தது. சின்னச் சின்னக் கேலக்ஸிகள் கிட்டே வந்து, பெரியதின் ஈர்ப்பில் கிழிபட்டு, தங்கள் நட்சத்திரங்களை ஓரத்திலேயே சிந்திவிட்டுப் போகின்றன. இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. ஒரே நிறையுள்ள இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றானால் நிறை இரண்டு மடங்காகும், ஆரமும் இரண்டு மடங்காகும். அதே நிறை பொடிப்பொடிக் கேலக்ஸிகளாக வந்து சேர்ந்தால் ஆரம் நாலு மடங்கு வரைக்கும் விரியும். எடை கொஞ்சமாகக் கூட, உடம்பு நிறைய விரிய இதுதான் வழி. இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், மண்டியில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். தை மாசம் ஏலத்துக்கு வந்த குவியல்கள் சின்னவை, மாசியில் புதிதாக வந்தவை பெரியவை என்றால், மாசிச் சராசரி ஏறத்தான் செய்யும். அதற்காகத் தை மாசத்துக் குவியல் வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? கேலக்ஸியிலும் அப்படித்தான். தாமதமாக நட்சத்திரப் பிறப்பை நிறுத்திய கேலக்ஸிகள், நிறுத்தும்போதே பெரியவையாக இருந்தன. அவை கணக்கில் சேரச் சேரச் சராசரி உயர்கிறது. கட்டிகள் தாமே விரிந்தது எவ்வளவு, புதியவர்கள் சேர்ந்ததால் ஏறியது எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. இரண்டும் நடந்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

இந்த விளக்கத்துக்கு ஒரு சாட்சியும் நம் பக்கத்திலேயே அகப்பட்டிருக்கிறது. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தில், சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் என்.ஜி.சி. 1277. பால்வெளியைப் போல இரண்டு மடங்கு நட்சத்திரம், அளவோ நாலில் ஒன்று. ஆயிரம் கோடி ஆண்டுக்கு முன் இருந்த கட்டி, யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் அப்படியே நின்றுவிட்டது. அது தனியாகவே நின்றது என்று எப்படித் தெரியும்? பெரிய கேலக்ஸியைச் சுற்றி உருண்டையான நட்சத்திரக் கொத்துகள் இருக்கும். கேலக்ஸியோடு கூடப் பிறந்த கொத்துகள் சிவப்பு. விழுங்கப்பட்ட சின்னக் கேலக்ஸிகள் கொண்டுவந்த கொத்துகள் நீலம். 2018-இல் ஹப்பிள் பார்த்தபோது என்.ஜி.சி. 1277-ஐச் சுற்றி நீலக் கொத்துகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நெரிசலான கேலக்ஸிக் கொத்துக்குள் எல்லாம் படுவேகத்தில் பறப்பதால், அருகில் வந்த எதையும் அதனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தை ராத்திரியில் பெர்சியஸ் எங்கள் களத்துக்கு வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். என் ஆறங்குலத்தில் அந்தக் கேலக்ஸி தெரியாது. இருந்தாலும் அந்தத் திசையில் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பேன்.

வடிவத்துக்கு வருவோம். கட்டி என்றதும் உருண்டை என்று நினைக்கத் தோன்றும். இன்றைய பெரும் நீள்வட்டக் கேலக்ஸிகள் ஏறக்குறைய உருண்டைதான். உள்ளே நட்சத்திரங்கள் ஒரு ஒழுங்கில்லாமல் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆதியில்? 2017-இல் சுனே டாஃப்ட்டின் குழு, நடுவழியில் இருக்கும் ஒரு கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு லென்ஸ் மாதிரி ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டிய எம்.ஏ.சி.எஸ். 2129-1 என்ற கேலக்ஸியை அளந்தது. பால்வெளியைப் போல மூன்று மடங்கு நிறை, பாதி அளவு, நட்சத்திரப் பிறப்பு நின்றுபோனது. அது உருண்டை இல்லை. தட்டு. பால்வெளியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த தட்டு. கேலக்ஸி முதலில் உருண்டையாகும், அப்புறம்தான் நட்சத்திரப் பிறப்பு அடங்கும் என்ற பழைய வரிசையை அது கலைத்தது. அடங்கியது முதலில்; உருண்டது பிறகு, அத்தனை மோதல்களில் ஆடி ஆடி.

ஆனால் எல்லாம் இந்த ஒரே வழியில் போனதாகவும் தெரியவில்லை. 2024-இல் சிலி நாட்டில் இருக்கும் ஆல்மா ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து, தூசிக்குள் மறைந்து ஆவேசமாக நட்சத்திரம் பெற்றுக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆதிக் கேலக்ஸிகளை ஆராய்ந்தார்கள். பலவற்றின் நடுவே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்த பகுதி, பிறக்கும்போதே உருண்டையாக இருந்தது. வாயு வேகமாக நடுவே சரிந்து, அங்கேயே எரிந்து தீர்ந்தால் அப்படி ஆகும். ஆக, தட்டாக இருந்து உருண்டவையும் உண்டு, உருண்டையாகவே பிறந்தவையும் உண்டு. ஒரே கதையைச் சொல்லி முடித்துவிட ஆசைதான், இயற்கை விடுவதில்லை.

இப்போது ஜேம்ஸ் வெப். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது, 2022 ஜூலையில் முதல் படங்கள். ஹப்பிள் காட்டிய ஆதிக் கேலக்ஸிகள் கிழிந்த துணி மாதிரி, திட்டுத்திட்டாக இருந்தன. அந்தக் காலத்தில் எல்லாம் மோதலும் கலவரமும்தான் போலிருக்கிறது என்று புத்தகங்கள் எழுதின. ஜேம்ஸ் வெப் அதே கேலக்ஸிகளைப் பார்த்தது, பலவும் ஒழுங்கான தட்டுகளாக இருந்தன. ஹப்பிள் பொய் சொல்லவில்லை. அண்டம் விரிவதால் ஒளியின் அலை நீண்டுவிடுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ஹப்பிளுக்கு வந்து சேர்ந்தது, புறப்படும்போது புற ஊதாவாக இருந்த ஒளி. புற ஊதாவில் பளிச்சிடுவது அப்போதுதான் பிறந்த, சூடான நட்சத்திரங்கள் மட்டுமே.

ராத்திரி சென்னிமலை மேலே நின்று பெருந்துறைப் பக்கம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இங்கே ஒரு வெளிச்சத் திட்டு, அங்கே ஒரு வெளிச்சத் திட்டு, நடுவே ஒன்றுமே இல்லாத மாதிரி இருட்டு. விடிந்த பிறகு அதே இடத்தில் நின்று பார்த்தால் ஊரும் காடும் தோட்டமும் ஒரே பரப்பாகக் கிடக்கும். ஜேம்ஸ் வெப்பின் அகச்சிவப்புக் கண் பார்ப்பது அந்த விடிந்த காட்சியை. பழைய, அமைதியான நட்சத்திரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. கேலக்ஸியின் எலும்புக்கூடு அதில்தான் தெரியும்.

அப்படிக் கிடைத்தவற்றில் இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்று, 2025-இல் மிலானோவில் இருக்கும் குழு அறிவித்த பெரும் சக்கரம். பெருவெடிப்புக்குப் பிறகு 200 கோடி ஆண்டிலேயே, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குச் சுற்றும் தட்டு. கட்டிகள் வாழ்ந்த காலத்திலேயே இப்படியும் ஒன்று இருந்திருக்கிறது.

இரண்டாவதுக்கு, ஊட்டி வழியாகப் போக வேண்டும். எட்டாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவில் மேட்டுப்பாளையம், குன்னூர் ஏறி ஊட்டி போனோம். எல்லாருக்கும் ஏரியும் பூங்காவும் ஞாபகம் இருக்கும். எனக்கு முத்தொரை மலைச்சரிவில் படுத்துக் கிடந்த ரேடியோ தொலைநோக்கி மட்டும்தான் ஞாபகம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை அமைத்த கோவிந்த் ஸ்வரூப் அந்த இடத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் சரிவு. அந்த ஊரின் அட்சரேகையும் 11 டிகிரி, மலைச்சரிவும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970-இல் வேலையைத் தொடங்கியது. நிலா ஒரு ரேடியோ மூலத்தை, அதாவது ரேடியோ அலை வீசும் பொருளை, மறைக்கும்போது அது அணைகிற விதத்தை வைத்து அதன் அளவைக் கணக்கிட்டார்கள். அந்த அளவுகளை வைத்து விஜய் கபாஹி 1975-இல் காட்டியது, தூரத்தில் இருக்கும், அதாவது பழங்காலத்து ரேடியோ மூலங்கள் இன்றையவற்றைவிடச் சிறியவை என்று. அவர் அளந்தது கேலக்ஸியின் இருபுறமும் வெடித்துப் பரவும் ரேடியோ மடல்களை, நட்சத்திர உடம்பை அல்ல. இருந்தாலும் அன்றைக்கு இன்றைக்கு மாதிரி இல்லை, அளவு காலத்தோடு மாறியிருக்கிறது என்ற விஷயம் நம் நீலகிரியிலிருந்து அப்போதே அளந்து சொல்லப்பட்டுவிட்டது. இதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அந்த ஊட்டித் தொலைநோக்கியை நடத்துகிற அதே நிறுவனம், புனேயில் இருக்கும் தேசிய வானொலி வானியற்பியல் மையம். அங்கே இருக்கும் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேக்கரும் 2025-இல் ஜேம்ஸ் வெப் படங்களிலிருந்து ஒரு கேலக்ஸியைக் கண்டெடுத்தார்கள். அளகநந்தா என்று பெயர் வைத்தார்கள். பால்வெளிக்கு இந்தியில் மந்தாகினி என்று பெயர். இமயமலையில் மந்தாகினியின் உடன்பிறப்பு ஆறு அளகநந்தா. பெருவெடிப்புக்குப் பிறகு 150 கோடி ஆண்டில், சுமார் 30,000 ஒளியாண்டு அகலத்தில், இரண்டு அழகான சுருள் கைகளோடு நிற்கிறது. சுருள் கை வேண்டுமென்றால் தட்டு ஓரளவு அடங்கி, கொந்தளிப்புக் குறைந்து சுற்ற வேண்டும். அவ்வளவு சீக்கிரத்தில் அது எப்படி அடங்கியது? வாயு நிதானமாக வந்து சேர்ந்ததாலா, அல்லது பக்கத்தில் உரசிப்போன ஒரு சின்னக் கேலக்ஸி கிளப்பிவிட்ட கைகளா? அதில் வாயு எப்படி ஓடுகிறது என்று அளந்தால்தான் சொல்ல முடியும்.

அன்று ராத்திரி அக்கா மகள் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்தாள். நல்லவேளையாக அதன் முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது; கொஞ்சம் சாய்ந்திருந்தால் கைகள் தெரிந்திருக்காது. அப்புறம் தன்னுடைய ப்ராஜெக்டில் இருக்கும் கேலக்ஸி ஒன்றைத் திறந்தாள். பத்துப் பன்னிரண்டு பிக்சல் கட்டங்களுக்குள் அடங்கிய ஒரு மஞ்சள் தீற்றல், நடுவில் வெளுப்பு, ஓரம் போகப் போகக் கருஞ்சிவப்பு. மையத்திலிருந்து ஓரத்துக்கு ஒளி எப்படிக் குறைகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. அர்ஜென்டினாக்காரர் ஹோசே லூயிஸ் செர்சிக் 1963-இல் கொடுத்தது. எண் ஒன்று வந்தால் தட்டின் சாயல், நாலு வந்தால் நீள்வட்டத்தின் சாயல். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒன்றுக்குச் சற்று மேலே ஒரு எண்ணைக் காட்டியது. அகலம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

"தட்டுன்னு எழுதிக்கட்டுங்களா மாமா?"

"இன்னும் தொண்ணூத்தொம்பது அளந்துட்டு வா கண்ணு" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைத் திறந்தாள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது, நான் எழுந்துபோய்த் தார்ப்பாயை இழுத்து மூடினேன்.